கூரை காக்கும் விதியும் குடி காக்கும் விதியும்

இலக்கியத்தில் உருவம் பெரிதா, உள்ளடக்கம் பெரிதா என்ற வாதம் நம் விமரிசன உலகிற்குப் புதிதன்று. உருவமே கலை என்று ஒரு சாராரும், உள்ளடக்கமே உயிர் என்று மறுசாராரும் ஏடுகள் பல நிரப்பியுள்ளனர். அவ்வாதம் நமக்கு உணர்த்திய உண்மை ஒன்றுண்டு. உள்ளடக்கத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட உருவம் சில காலம் அழகாகத் தோன்றலாம். ஆனால் அது வளர்வதில்லை. இவ்வுண்மை கவிதைக்கும் கதைக்கும் மட்டும் உரியதன்று. மனிதர் கூடிச் செய்த எந்தப் படைப்புக்கும் அது பொருந்தும். அத்தகைய படைப்புகளுள் நகரம் தலையாயது. ஆதலின், பழைய நகரங்களைக் காப்பதற்கென அரசுகளும் உள்ளூராட்சி மன்றங்களும் வகுக்கும் திட்டமிடல் விதிகளை ஓர் இலக்கிய ஏட்டிலே விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்வது பொருந்தாச் செயல் ஆகாது. விதியும் ஒரு நூலே. அது யாரை நோக்கிப் பேசுகிறது, யாரை மறந்து பேசுகிறது என்று கேட்பது விமரிசகனின் கடமை.

இக்கேள்வி இன்று அவசரமானதும் ஆகும். 2009 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த உல்லாசப் பிரயாணிகள் ஏறத்தாழ 4 இலட்சத்து 48 ஆயிரம் பேர். 2018 இல் அத்தொகை 23 இலட்சத்தைத் தாண்டிற்று. 2019 இன் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளாலும், பின் வந்த கொள்ளைநோயாலும், 2022 இன் பொருளாதார வீழ்ச்சியாலும் சரிந்து, 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. அந்நியச் செலாவணிக்கு ஏங்கும் நாடு இவ்வருகையை வேண்டாமென்று சொல்லப்போவதில்லை; சொல்ல வேண்டுமென்று நாமும் கோரவில்லை. வருவோரை எந்த விதியுடன் எதிர்கொள்வது, அவ்விதி எதைக் காப்பது என்பதே நம் முன் உள்ள வினா.

நகரத்தை எவ்வாறு பார்ப்பது என்பதற்கு நம் மரபிலே ஒரு வழி உண்டு. சிலப்பதிகாரம் புகார் நகரைக் காட்டும்போது மதிலையும் மாடத்தையும் மட்டும் அளந்துவிட்டு நின்றுவிடவில்லை. மருவூர்ப்பாக்கத்து வீதிகளில் யார் யார் இருந்தனர் என்று அது எண்ணிச் செல்கிறது. மீன் விற்போர், உப்பு விற்போர், வெற்றிலை விற்போர், நெய்வோர், தைப்போர், கொல்லர், தச்சர், கடல் கடந்து வந்த யவனர் என அப்பட்டியல் நீளுகிறது. மதுரைக்காஞ்சியும் நகரை அதன் பகற் கடைகளாலும் இரவுக் கடைகளாலும் அவற்றிடையே நடமாடும் மாந்தராலுமே அறிமுகம் செய்கிறது. நம் பழம்புலவர்க்கு நகரம் என்பது முதலிலே அங்கு வாழ்வோரின் தொகை. கட்டிடம் அதற்குப் பின்னர்தான். இந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு காலிக் கோட்டைக்குள் நுழைவோம்.

இலங்கையில் மக்கள் வாழும் பழைய நகரமையம் ஒன்று உல்லாசப் பிரயாணத்தின் நெருக்குதலுக்கு ஆளாகி, அதற்கெனத் தனி விதிகளும் பெற்ற கதைக்குக் காலியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலே போர்த்துக்கேயர் அங்கு அரண் அமைத்தனர். 1640 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றிப் பெருமதிலும் கொத்தளங்களும் எழுப்பினர். கடல்நீரைப் பாய்ச்சித் தூய்மை செய்யும் நிலக்கீழ்க் கழிவுநீர் வாய்க்கால்களையும் அமைத்தனர். 1796 இல் கோட்டை பிரித்தானியர் வசமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்புத் துறைமுகம் அலைதடுப்புச் சுவர் பெற்று வளர்ந்தபோது காலித் துறைமுகத்தின் வாணிகம் வற்றியது. நகரம் உறங்கியது. பழைய வீடுகளை இடித்துப் புதியன எழுப்பும் பணம் அங்கே பாயவில்லை. இன்று உலகம் வியக்கும் அந்தத் தெருக்களின் முதற் காவலன் எந்தச் சட்டமும் அன்று, வறுமைதான்.

அவ்வுறக்கத்திலும் அங்கே மக்கள் வாழ்ந்தனர். சோனகர், சிங்களவர், பறங்கியர் எனப் பல சமூகத்தார் ஒரே தெருவில் குடியிருந்தனர். மாணிக்கக்கல் வாணிகரும், றேந்தை பின்னும் பெண்களும், கந்தோர் எழுதுவினைஞரும், வழக்கறிஞரும் அங்கு இருந்தனர். வெளிச்சவீட்டருகே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் எழுந்தது. 1755 இன் ஒல்லாந்தத் தேவாலயம் சில தெருக்களுக்கு அப்பால் நின்றது. தமிழை வீட்டுமொழியாகப் பேணிய சோனகக் குடும்பங்கள் அங்கு இருந்தமையால் நமக்கும் அந்நகருக்கும் உள்ள உறவு ஏட்டளவிலானதன்று. அவ்வுறவின் பழமைக்குக் கல்லிலேயே சான்றுண்டு. 1409 ஆம் ஆண்டுத் திகதி பொறித்து, சீனத் தளபதி செங் ஹோவின் கடற்பயணத்தோடு வந்த மும்மொழிக் கல்வெட்டிலே சீனமும் பாரசீகமும் தமிழும் அருகருகே நிற்கின்றன. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரை வணங்குகிறது. இக்கல் 1911 இல் காலியிலே கண்டெடுக்கப்பட்டபோது ஒரு மதகை மூடும் பலகையாகக் கிடந்தது. இன்று அது கொழும்பு அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. ஒரு பொருள் பயன்பட்ட காலத்தில் மதிப்பிழந்து கிடப்பதும், மதிப்புப் பெற்ற காலத்தில் தன் இடத்தை விட்டுப் பெயர்வதும் வரலாற்றின் வழக்கம். கல்லுக்கு அது கேடன்று. மனிதருக்கு அவ்வாறாகலாமா என்பதே கேள்வி.

இனி விதிகளைப் பார்ப்போம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பழஞ்சின்னங்களைக் காக்கும் அதிகாரத்தைத் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அளித்தது. 1978 இன் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை தோன்றியது. 1988 இல் யுனெஸ்கோ, காலியின் பழைய நகரத்தையும் அரணையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1994 இன் 7 ஆம் இலக்கச் சட்டம் காலி மரபுரிமை மன்றத்தை நிறுவியது. 2009 இல் கோட்டைக்கெனத் தனியான திட்டமிடல், கட்டிட விதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. கூரையின் ஓடு, கட்டிடத்தின் உயரம், தெருவை நோக்கிய முகப்பு, வீட்டின் நடுமுற்றம் என ஒவ்வொன்றும் கவனிக்கப்பட்டது. நெதர்லாந்தின் உதவியோடு தனியார் வீடுகள் பலவும் பழுது பார்க்கப்பட்டன.

இவ்வேற்பாடுகளை எள்ளி நகையாடுதல் நம் நோக்கமன்று. அவை இல்லாதிருந்தால் ஒல்லாந்தர் காலத்து வீதிகளின் நடுவே கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்திருக்கும். கொழும்பு நகரின் பழைய தெருக்களுக்கு நேர்ந்த கதியை நாம் கண்டிருக்கிறோம். ஆயினும் நல்ல நூலிலும் குறை காண்பது விமரிசகனுக்கு விலக்கன்று. இவ்விதிகளின் அழுத்தம் முழுவதும் கட்டிடத்தின் மேலேயே விழுந்தது. ஓடு மாறக்கூடாது என்றது விதி. ஓட்டின் கீழ் உறங்கும் குடும்பம் மாறலாம். முற்றம் மூடப்படலாகாது என்றது. முற்றத்தில் மிளகாய் உலர்த்தியவள் வெளியேறலாம். உருவத்துக்கு உத்தரவாதம் இருந்தது, உள்ளடக்கத்துக்கு இல்லை. இலக்கியத்தில் இதனை உருவவாதம் என்போம். நகர அமைப்பிலும் அதற்கு வேறு பெயர் தேடவேண்டியதில்லை.

கோட்டையின் உள்ளடக்கத்தை மாற்றிய விதி திட்டமிடல் நூலிலே இல்லை. வரி நூலிலே இருந்தது என்பது கவனத்துக்குரியது. 1963 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், பிறநாட்டார் காணி வாங்கினால் அதன் பெறுமதிக்கு ஒப்பான தொகையை, அஃதாவது நூற்றுக்கு நூறு வீதத்தை, வரியாகச் செலுத்த வேண்டுமென விதித்தது. 2002 இல் அவ்வரி நீக்கப்பட்டது. 2004 இல் மீண்டும் விதிக்கப்பட்டது. இடைப்பட்ட அச்சிறு காலத்திலே கோட்டைக்குள் பல வீடுகள் பிறநாட்டார் கைக்குச் சென்றன. பின்னர் 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டம் அத்தகைய விற்பனையைத் தடைசெய்தது. நீண்டகாலக் குத்தகைக்கு வழி இருந்தது. பிறநாட்டார் வாங்கியதே குற்றம் என்று நாம் கூறவில்லை. உள்நாட்டுப் பணக்காரர் வாங்கினும் விளைவு ஒன்றேயாகும். ஒரு நகரத்தின் தலைவிதி கொழும்பிலே நிதியமைச்சின் ஒரு பந்தியால் எழுதப்பட்டபோது, ஓட்டின் வளைவை அளந்துகொண்டிருந்த விதிநூலுக்கு அதைத் தடுக்கும் வலிமை இருக்கவில்லை. நாம் எடுத்துக்காட்ட விரும்புவது இதுவே.

தெரு ஒன்று எவ்வாறு மாறுகிறது என்பதைப் படிப்படியாக நோக்கினால் இதன் பொருளியல் புலப்படும். முதலில் ஒரு வீடு விடுதியாகிறது. அது தரும் வருமானத்தை வைத்து அடுத்த வீட்டின் விலை கணிக்கப்படுகிறது. அவ்வீட்டில் குடியிருக்கும் ஆசிரியரின் சம்பளத்தை வைத்தன்று. விலை ஏற வாடகை ஏறுகிறது. வாடகைக்கு இருந்தோர் முதலில் போகின்றனர். மக்கள் குறையப் பலசரக்குக் கடைக்காரனுக்கு வாடிக்கை குறைகிறது; அவன் கடையை நினைவுப்பொருள் விற்பவனுக்குக் கொடுக்கிறான். அரிசி வாங்க மதிலுக்கு வெளியே நடக்க வேண்டி வந்தபின், சொந்த வீட்டில் இருந்தோருக்கும் அங்கு இருப்பது பாரமாகிறது. பிள்ளைகள் மணமுடித்து வெளியிலே குடியேறுகின்றனர். முதியவர் காலமானபின் உறுதி கைமாறுகிறது. இவ்வளவும் நடந்த பின்னரும் முகப்பு மாறவில்லை, ஓடு மாறவில்லை, விதி ஒன்றேனும் மீறப்படவில்லை. சட்டப்படி அந்நகர் முற்றாகக் காக்கப்பட்டிருக்கிறது.

காலி விளையாட்டரங்கைப் பற்றி 2018 இல் எழுந்த வாதத்தை இத்துடன் ஒப்பிடுக. கோட்டை மதிலுக்கு எதிரே விதிக்கு மாறாக எழுப்பப்பட்ட பார்வையாளர் மண்டபம் கோட்டையின் தோற்றத்தை மறைக்கிறது என்றும், அதனால் உலக மரபுரிமைத் தகுதி பறிபோகலாம் என்றும், அதை இடிக்க நேரலாம் என்றும் பேசப்பட்டது. நாடெங்கும் பத்திரிகைகள் எழுதின. கோட்டை தெரியவில்லை என்பது நாட்டின் கவலையாயிற்று. கோட்டைக்குள் குடிகள் குறைவது அதே அளவு கவலையைக் கிளப்பவில்லை. கண்ணுக்குத் தெரிவது மட்டுமே மரபுரிமை என்று கொண்டால் இவ்வாறுதான் முடியும்.

இங்கே இரு மறுப்புகள் எழும். இரண்டும் தள்ளத்தக்கன அல்ல. முதலாவது, உல்லாசப் பிரயாணப் பணம் வராதிருந்தால் அவ்வீடுகள் இடிந்து விழுந்திருக்கும் என்பது. அது மெய்யே. பழைய வீட்டின் கூரையை மாற்ற ஆகும் செலவு ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பை விழுங்கிவிடும். மரத்தை மாற்றாதே, ஓட்டை மாற்றாதே என்று கட்டளையிடும் விதி அச்செலவைத் தானும் பகிர்ந்துகொள்ளாவிடின், அது ஏழை உரிமையாளரை விற்கத் தூண்டும் விதியே ஆகும். காக்கும் கடமையைக் குடியானவன் தலையில் சுமத்திவிட்டு, காத்ததன் பயனை விடுதி முதலாளி கொள்ளும் ஏற்பாட்டை நியாயம் என்று எவரும் சொல்லார். எனவே இம்மறுப்பு விதி வேண்டாம் என்பதற்குச் சான்றாகாது. விதியோடு பணமும் சேர்ந்து வரவேண்டும் என்பதற்கே சான்றாகும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. பரம்பரை வறுமையில் கிடந்த குடும்பத்துக்குத் தன் வீடு நல்ல விலைக்குப் போகும் காலம் வந்திருக்கிறது. அதைத் தடுக்க நீ யார் என்று கேட்பர். விற்பவரை நாம் குறை கூறவில்லை. மகளின் திருமணத்துக்கும் மகனின் படிப்புக்கும் வீட்டை விற்றவரைப் பழிப்பது மனிதாபிமானம் ஆகாது. ஆனால் அந்த வீட்டின் விலை வீட்டுச் சுவரால் மட்டும் ஏறியதன்று. முழுத் தெருவும் காக்கப்பட்டமையால், அயலார் தத்தம் திண்ணையை இடிக்காது வைத்திருந்தமையால், பொதுப்பணத்தில் மதில் செப்பனிடப்பட்டமையால் ஏறியது. சமுதாயம் முழுவதும் உண்டாக்கிய மதிப்பிலே சமுதாயத்துக்கு ஒரு சொல் உண்டு. விற்க வேண்டாம் என்று விதி சொல்ல வேண்டியதில்லை. வாங்குவோன் அதனை என்னவாக மாற்றலாம், ஒரு தெருவில் எத்தனை விடுதிகள் இருக்கலாம் என்று சொல்ல விதிக்கு முழு உரிமை உண்டு.

பிற நாடுகள் இக்கேள்வியை எதிர்கொண்ட முறைகள் நமக்குப் பாடமாவன. வெனிஸ் நகரின் பழைய மையத்தில் 1951 இல் ஏறத்தாழ 1 இலட்சத்து 75 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 2022 இல் அத்தொகை 50 ஆயிரத்துக்குக் கீழே இறங்கிற்று. 2024 இல், குறித்த சில நாள்களில் பகற்பொழுதில் வந்து செல்வோரிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் முறையை நகராட்சி கொண்டுவந்தது. நுழைவுச்சீட்டு அருங்காட்சியகத்துக்கு உரியது. தன்னை அருங்காட்சியகம் என ஒப்புக்கொண்ட பின்னரே ஒரு நகரம் வாசலில் சீட்டு விற்கும். குடிகள் போனபின் வந்த விதி அது.

ஆம்ஸ்ரர்டாம் வேறு வழியில் சென்றது. பிரயாணிகளை மட்டுமே நம்பிய கடைகள் நகரமையத்தில் புதிதாகத் தோன்றக்கூடாது என 2017 இல் அந்நகர் விதித்தது. பாலாடைக்கட்டி விற்கும் கடையொன்று அவ்விதியால் மூடுமாறு கட்டளை பெற்றது. வழக்கு மேல்மன்றம் வரை சென்றது. நகரத்தின் பக்கமே தீர்ப்பாயிற்று. விற்ற பொருள் உள்நாட்டுப் பொருளே; ஆனால் அது யாருக்காக, எவ்வாறு விற்கப்பட்டது என்று விதி கேட்டது. பின்னர் 2021 இல், பிரயாணிகள் ஆண்டொன்றில் தங்கும் இரவுகளின் தொகை 2 கோடியைத் தாண்டலாகாது என்ற வரம்பையும் அந்நகர் வகுத்தது. குடிமக்கள் கையொப்பமிட்டுக் கோரியதன் விளைவு அது. காலியின் மதிலைக் கட்டிய வாணிகக் கம்பனியின் தலைநகரம், தன் சொந்தத் தெருக்களில் வாணிகத்துக்கு எல்லை வகுக்க நேர்ந்தது வரலாற்றின் விந்தையே.

பார்சிலோனா 2017 இல் நகரை வலயங்களாகப் பிரித்துத் தங்கிடங்களுக்குத் திட்டம் வகுத்தது. நெருக்கடி மிக்க மையத்தில் புதிய விடுதிக்கு அனுமதியில்லை. ஒன்று மூடப்பட்டாலும் அதன் இடத்துக்கு இன்னொன்று வரலாகாது. 2028 நவம்பரோடு, பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் ஏறத்தாழ 10 ஆயிரம் வீடுகளின் அனுமதிகளைப் புதுப்பிக்காது விடுவதெனவும் 2024 இல் அறிவித்தது. இவை எல்லாம் வெற்றி பெறுமா என்பதைக் காலம் சொல்லும். ஆனால் இவ்விதிகள் ஓட்டை விட்டுக் குடியைப் பார்க்கத் தொடங்கிவிட்டன என்பது தெளிவு.

ஐரோப்பாவை விட்டு நம்மவர் வாழும் ஊர்களுக்கு வருவோம். பினாங்கின் ஜோர்ஜ் டவுனில் தமிழரின் சுவடு ஆழமானது. தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833 இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும், சூலியா வீதி என்ற பெயரும் அதற்குச் சாட்சி. அங்கே 1966 இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கடைவீடுகளில் ஏழைக் குடியிருப்பாளரையும் சிறு தொழிலாளரையும் நெடுங்காலம் காத்தது. 1997 இல் நீக்கச் சட்டம் இயற்றப்பட்டு, 2000 ஆம் ஆண்டு பிறந்தபோது அக்கட்டுப்பாடு ஒழிந்தது. வாடகை உயர்ந்தது, குடியிருப்பாளர் வெளியேறினர். 2008 இல் அந்நகர் உலக மரபுரிமைப் பட்டியல் ஏறியது. வரிசையைக் கவனியுங்கள். குடியைக் காத்த விதி முதலில் போயிற்று. கூரையைக் காக்கும் விதி பின்னர் வந்தது. வாடகைக் கட்டுப்பாட்டை மரபுரிமைச் சட்டம் என்று எவரும் அழைத்ததில்லை. ஆயினும் அந்நகரின் உயிரை அதிக காலம் காத்தது அதுவே.

புதுச்சேரியின் தமிழர் வீதிகளிலும் இதே பாடம் வேறொரு வடிவில் கிடைக்கிறது. அங்குள்ள பழைய வீடுகளின் முன்னே திண்ணையும், அதற்கு முன்னே தெருவை நோக்கி இறங்கும் தாழ்வாரமும் உண்டு. வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கவும் அயலார் அமர்ந்து பேசவும் வீட்டுக்காரர் தெருவுக்கு அளித்த கொடை அது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வைசியர் வீதியில் அம்முகப்புகள் மீட்டெடுக்கப்பட்டன. அரசும் ஐரோப்பிய நகரங்களும் தொண்டர் அமைப்பும் வீட்டுக்காரரும் கூடிச் செய்த அம்முயற்சி 2008 இல் யுனெஸ்கோவின் பரிசையும் பெற்றது. செலவைப் பகிர்ந்தமையால் நடந்த நற்செயல் அது. ஆயினும் திண்ணை என்பது மேடையும் தூணும் மட்டும்தானா? மாலையில் அதில் அமர்பவர் இல்லையேல், அல்லது அமர்வதற்குக் கோப்பி வாங்க வேண்டுமெனில், அது திண்ணை போன்ற ஒன்று, திண்ணை ஆகாது.

வன்னியில் இருந்துகொண்டு காலியையும் வெனிஸையும் பற்றி ஏன் பேச வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். எமக்கு ஒல்லாந்தர் தெருக்கள் இல்லை. கிளிநொச்சி 1936 இல் குடியேற்றமாகத் தொடங்கிய ஊர். முல்லைத்தீவின் ஒல்லாந்தக் கோட்டை பண்டாரவன்னியன் பெயரோடு சேர்ந்து நினைவில் வாழ்கிறதேயன்றி நிலத்தில் இல்லை. ஆனால் பார்க்கப்படும் ஊராவது எத்தகையது என்பதை நாம் அறிவோம். போர் முடிந்து 9 ஆம் இலக்க நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பின் வந்த ஆண்டுகளில், கிளிநொச்சியில் வீழ்ந்து கிடந்த நீர்த்தாங்கி பிரயாணிகளின் பார்வையிடமாயிற்று. அருகே நினைவுப்பொருட் கடையும் வந்தது. அத்தாங்கியிலிருந்து நீர் குடித்த மக்கள் தகரக் கொட்டில்களில் வாழ்ந்த காலம் அது. இடிபாடு காக்கப்பட்டது, இடிபாட்டுக்கு உரியவர் எவ்வாறு வாழ்கின்றனர் என்று பார்க்கப் பேருந்து நிற்கவில்லை. காலியின் நாகரிகமான முகப்பும் எங்கள் தாங்கியின் சிதைவும் ஒரே பார்வையின் இரு பக்கங்கள்.

யாழ்ப்பாணத்தை எண்ணும்போது இக்கேள்வி மேலும் நெஞ்சைச் சுடும். அங்கே ஒல்லாந்தரின் ஐங்கோணக் கோட்டை 2010 முதல் நெதர்லாந்தின் உதவியோடு புதுக்கப்பட்டது. அதற்குள் குடிகள் இல்லாமையால் அதைக் காப்பது எளிது. அதற்குச் சிறிது தூரத்தில் சோனகதெரு உள்ளது. 1990 ஒக்ரோபர் இறுதியிலே அத்தெருவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் ஓரிரு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். வன்னியின் முஸ்லிம் கிராமங்களுக்கும் அதே கதி நேர்ந்தது. துவக்கு முனையில் நடந்த அக்கொடுமையையும் சந்தை விலையால் மெல்ல நடக்கும் வெளியேற்றத்தையும் ஒன்றெனச் சொல்வது அறியாமை, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் சுவர் நின்றும் மக்கள் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்பதை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. அதை நாமே செய்தோம், கண்டோம். ஆகவே காலிக் கோட்டையின் சோனகக் குடும்பம் மதிலுக்கு வெளியே போவதைக் கேட்கும்போது, அது தெற்கின் செய்தி என்று நாம் திரும்பிக்கொள்ள முடியாது.

வடக்கிலும் உல்லாசப் பிரயாணத் திட்டங்கள் வகுக்கப்படுகின்றன. கோயில்வீதி, கோட்டைவெளி, கடற்கரை, தீவு என ஒவ்வொன்றும் பட்டியலில் ஏறுகிறது. இன்று நாம் கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. ஒரு தெருவில் உள்ள வீடுகளில் இத்தனை பங்குக்கு மேல் விடுதியாகலாகாது என்ற வரம்பு முதலில் வேண்டும். வீட்டில் விருந்தினரை வைக்கலாம்; ஆனால் வீட்டுக்காரர் அவ்வீட்டில் குடியிருக்க வேண்டும். பலசரக்குக் கடை, மருந்துக் கடை, பாடசாலை, மீன்சந்தை ஆகியவை இருந்த இடம் வேறு பயன்பாட்டுக்கு மாறுமுன் அயலாரின் சம்மதம் கேட்கப்பட வேண்டும். நீர், கழிவு, வாகனம் ஆகியவற்றைத் தாங்கும் வலிமை எவ்வளவு என அளந்த பின்னரே அனுமதி வழங்கப்பட வேண்டும்; ஒல்லாந்தன்கூட நகரமைக்கும்போது வாய்க்காலை மறக்கவில்லை. விடுதிகளிடம் பெறும் வரியில் ஒரு பகுதி, பழைய வீட்டில் வாழும் ஏழை உரிமையாளரின் கூரைக்குச் செல்ல வேண்டும். கட்டிடங்களைக் கணக்கெடுக்கும்போது அவற்றில் வாழ்வோரையும் கணக்கெடுக்க வேண்டும். அத்தொகை குறைந்தால் விதி தோற்றது எனக் கொள்ள வேண்டும்.

இவற்றை யார் வகுப்பது என்பதும் முக்கியமானது. 2023 மார்ச்சிலே உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே மாதத்திலேயே நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நகர சபையிலும் பிரதேச சபையிலும் மக்கள் தெரிந்தெடுத்த ஒருவரும் இல்லை; அதிகாரிகளே ஆண்டனர். குடியைக் காக்கும் விதியைக் குடியின் குரல் இல்லாத மண்டபத்தில் எழுத முடியாது. இப்பொழுது மன்றங்கள் மீண்டும் கூடியுள்ளன. வரைபடம் சுவரில் தொங்கும்போதே அதைக் கேள்வி கேட்க வேண்டும்; வர்த்தமானியில் ஏறிய பின் கேட்பது புத்தகம் அச்சான பின் பிழை திருத்துவதைப் போன்றது.

எழுத்தாளருக்கும் இதில் பணி உண்டு. பழைய தெருவைப் பற்றி எழுதும் நம் கட்டுரைகள் பலவும் கதவின் செதுக்கு வேலையை வியந்து, சுவரின் காரையை வியந்து, மாலை வெயிலின் நிறத்தை வியந்து முடிகின்றன. பிரயாண விளம்பரமும் அதையே செய்கிறது. 2007 தொடங்கிக் காலிக் கோட்டையில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்துவந்த இலக்கிய விழா உலகப் புகழ் பெற்றது. அக்கோட்டையின் தெருவில் பிறந்து அங்கேயே வாழ்ந்தோரின் வாழ்க்கை எத்தனை கதைகளில் ஏறியிருக்கிறது? மருவூர்ப்பாக்கத்தைப் பாடிய புலவன் உப்பு விற்றவனையும் விட்டுவிடவில்லை. நம் கதைகளும் ஆய்வுகளும் கதவைத் தட்டி, உள்ளே இருப்பவரிடம் அவர் எத்தனை தலைமுறை அங்கு வாழ்ந்தார், எவ்வளவு வாடகை கொடுக்கிறார், இன்னும் எத்தனை ஆண்டு இருக்க முடியும் என்று கேட்டு எழுத வேண்டும். அவ்வாறு எழுதப்படும் ஏடு, திட்டமிடல் மேசையில் ஒரு சான்றாக அமரும். கூரையைக் காக்கும் விதி நமக்கு வேண்டும். ஆனால் அதன் கீழ் விளக்கேற்ற ஒரு குடும்பம் இருக்கிறதா என்று கேட்கும் விதியே முதலில் வேண்டும்.